ஜெட் விமானத்தின் இரைச்சலைக் கணித்தறிதல்

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஜெட் விமான சேவை ஆரம்பமாயிற்று. அம்மாதம் 4ஆந் திகதி பிரித்தானியரின் கொமெற் விமானம் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பறந்தது. 26ஆந் திகதி அமெரிக்கரின் போயிங் 707 நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டது. உலகமெங்கும் இவ்விமானங்களின் வேகமே பேச்சாயிருந்தது. ஆயினும் விமான நிலையத்தைப் பரிபாலனஞ் செய்த நியூயோர்க் துறைமுக அதிகார சபைக்கும் விமானக் கம்பனிகளுக்கும் இடையே அதற்கு முன்னரே நடந்துவந்த வாதம் வேகத்தைப் பற்றியதன்று, இரைச்சலைப் பற்றியது.

சபையின் நிபந்தனை எளிமையானது. அதுகாறும் பறந்துவந்த பெரிய சுழல்விசிறி விமானங்களைக் காட்டிலும் புதிய ஜெட் விமானம் அயலவருக்கு அதிக தொல்லை தருதல் கூடாது என்பதே அது. இரண்டையும் கருவியால் அளந்து ஒப்பிட்டால் போதாதோ என்று கேட்கலாம். போதாது என்பதை எடுத்துக் காட்டியவர் காள் கிறைற்றர் என்னும் ஆராய்ச்சியாளர். கருவி ஒரே அளவைக் காட்டினாலும் மனிதரின் செவி ஜெட் விமானத்தையே அதிக இரைச்சலுடையதாகக் கொண்டது. ஜெட்டின் ஓசையிலே உச்சமான, கீச்சென்ற பகுதி மிகுந்திருந்தமையே காரணம். ஆகவே செவியின் தீர்ப்பைத் தழுவிய புதியதோர் அளவை வகுக்கப்பட்டது. உணரப்பட்ட இரைச்சல் மட்டம் என்பது அதன் பெயர். அவ்வளவையில் 112 டெசிபெல் என்ற எல்லையைச் சபை விதித்தது.

விமானமோ அப்போது செய்து முடிந்துவிட்டது. எஞ்சினை மாற்றுவதற்கு அவகாசமில்லை. ஆதலால் வாயு வெளியேறும் வாயிலைப் பல சிறு குழாய்களாகப் பிரித்து இரைச்சலைக் குறைக்க முயன்றார்கள். அக்குழாய்களால் பாரம் கூடியது, உந்துவிசை குறைந்தது. விமானிகளோ ஊர்மனைகளின்மேற் செல்லும்போது எஞ்சினின் வலுவைத் தணித்தும், இயன்றவரை குடாவின் நீர்ப்பரப்பின் மேலே திரும்பியும் பறக்க வேண்டியவரானார்கள். வீட்டைக் கட்டி முடித்தபின் அத்திவாரத்தைத் திருத்தப் புகுந்தது போன்ற வேலை அது. எஞ்சினின் படம் தாளிலே இருக்கும்போதே அது எவ்வளவு இரையும், எந்தத் திசையில் இரையும், அதன் வாயிலை இப்படி வெட்டினால் எவ்வளவு குறையும் என்று சொல்ல இயலுமாயின் இத்தொல்லை நேர்ந்திராது. இவ்வாறு முன்கூட்டியே சொல்லும் வித்தையைத் தேடி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் முயன்று வந்திருக்கிறார்கள். இன்று அம்முயற்சி பெரும்பாலும் கணனியைக் கொண்டே நடைபெறுகின்றது.

ஜெட் எஞ்சின் ஏன் இரைகின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். உள்ளே எரிபொருள் எரிவதாலும் உலோகச் சக்கரங்கள் சுழல்வதாலும் ஓசை எழுவது மெய்யே. ஆனால் விமானம் மேலெழும்பும்போது பழைய ஜெட் எஞ்சின்களிலிருந்து கேட்ட அந்தப் பெரிய உறுமல் எஞ்சினுக்குள்ளே பிறந்ததன்று. அது எஞ்சினுக்கு வெளியே, வெறும் வளியிலே பிறந்தது. வாயிலினின்று வேகமாகப் பாயும் வெந்த வாயுத் தாரை, அசையாது நிற்கும் புறவளியோடு உராய்ந்து, சுருண்டு, சுழித்துக் கலக்கின்றது. மாரிகாலத்திலே மதகைத் திறந்துவிட்டாற் பாயும் வெள்ளத்தின் ஓரங்களில் சுழிகள் தோன்றித் தோன்றி உடைவதைக் கண்டோர்க்கு இது விளங்கும். அச்சுழிகளின் கொந்தளிப்பே ஒலியைப் பிறப்பிக்கின்றது. ஆகவே எஞ்சினைச் சுற்றிப் பஞ்சைப் பொதிந்தோ உறைபோட்டு மூடியோ இவ்வுறுமலை அடக்க முடியாது. ஓசை பிறக்கும் இடம் உறைக்கு அப்பாலே பல அடி தூரத்தில் இருக்கின்றது.

இவ்வுண்மைக்குக் கணித வடிவம் கொடுத்தவர் ஜேம்ஸ் லைற்ஹில். இருபத்தாறு வயதிலே மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதப் பேராசிரியராக அமர்ந்த அவர், வளியோட்டத்தால் எழும் ஒலியைப் பற்றிய தம் கட்டுரையின் முதற்பாகத்தை 1952இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். இரண்டாம் பாகம் 1954இல் வந்தது. முதற்பாகம் வெளியான அதே 1952ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் கொமெற் விமானம் இலண்டனிலிருந்து யொகான்னஸ்பேர்க்குக்கு உலகின் முதலாவது ஜெட் பிரயாணிகள் சேவையைத் தொடங்கியது. ஓகஸ்ட் மாதத்தில் அது கொழும்புக்கும் வந்தது. ஜெட்டின் இரைச்சல் உலகத்தவரின் செவிக்கு எட்டிய காலமும் அதன் காரணம் ஒருவரின் தாளில் எழுதப்பட்ட காலமும் ஒன்றாயிருந்தன.

லைற்ஹில் செய்ததை இவ்வாறு விளக்கலாம். ஓடும் பாய்பொருளின் அசைவை விவரிக்கும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நேவியர், ஸ்ரோக்ஸ் ஆகியோரால் வகுக்கப்பட்டுவிட்டன. லைற்ஹில் அவற்றுள் எதனையும் நீக்கவில்லை, எதனையும் தோராயமாக்கவுமில்லை. உறுப்புக்களை இடம்மாற்றி எழுதினார், அவ்வளவே. ஒருபக்கத்தில் அமைதியான வளியிலே ஒலி பரவும் முறை நின்றது. மறுபக்கத்தில் கொந்தளிப்பு முழுவதும் அவ்வொலியைப் பிறப்பிக்கும் மூலமாக நின்றது. பின்னர் அம்மூலம் எத்தகையது என்று வினாவினார்.

ஊதிச் சுருங்கும் பலூன் தன்னைச் சூழ்ந்த வளியை நாற்புறமும் தள்ளுவதால் ஒலியை நன்கு பரப்பும். அதிரும் வீணைத் தந்தி ஒருபுறம் தள்ளி மறுபுறம் இழுப்பதால் தனியே நின்றால் அத்துணை பரப்பாது. தடையற்ற வளியிலே சுழலும் சுழிகளோ வளியைப் புதிதாகச் சேர்ப்பதுமில்லை, வெளியிலிருந்து விசை கொணர்வதுமில்லை. ஒன்றையொன்று எதிரெதிராகத் தள்ளுகின்றன. பாடசாலை ஆய்வுகூடத்து இசைக்கவையை நினைத்துக்கொள்ளலாம். அதன் இரு கவர்களும் எதிரெதிரே அசைவதால் ஒன்றின் ஓசையை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். கையிற் பிடித்திருந்தால் அருகில் இருப்பவருக்கே அரிதிற் கேட்கும். ஜெட் தாரையின் ஒவ்வொரு சுழியும் இத்தகைய பலவீனமான ஊதுகுழல்தான். தாரையின் இயக்கச் சத்தியிலே பதினாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவே ஒலியாக மாறுகின்றது. அவ்வொரு பங்குதான் ஊரை எழுப்பிவிடுகின்றது.

இசைக்கவையின் காம்பை மேசையிலே ஊன்றினால் ஓசை உடனே பெருகும். அதுபோலவே கொந்தளிக்கும் தாரைக்கு அருகே இறக்கையோ வேறு திண்மமான பரப்போ இருந்தால் ஒலி மிகும் என்பதை 1955இல் கேர்ல் என்பவர் லைற்ஹிலின் முறையைத் தொடர்ந்து நிறுவினார். எஞ்சினை இறக்கைக்கு எவ்வளவு அண்மையிற் பொருத்தலாம் என்று இன்று வாதிடுவோரும் அவருடைய முடிவையே எடுத்தாளுகிறார்கள்.

லைற்ஹில் கண்ட முடிபு பிரசித்தமானது. தாரையின் ஒலிவலு அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஒலிவலு இருநூற்றைம்பத்தாறு மடங்காகும். மறுபுறமாகப் பார்த்தால் இவ்விதி பேராறுதல் தருவதொன்று. வேகத்தைப் பாதியாக்கினால் அதே அளவுத் தாரை 24 டெசிபெல் தணிகின்றது. வேகம் குறைந்தால் உந்துவிசையும் குறையுமே என்பார்க்கும் விடை உண்டு. உந்துவிசை வேகத்தின் வர்க்கத்தையே பொறுத்தது. ஆகையால் வாயிலின் பரப்பை நான்கு மடங்காக்கி அதே உந்துவிசையைப் பெறலாம். அப்படிச் செய்த பின்னரும் ஒலிவலு அறுபத்துநான்கில் ஒன்றாக, அதாவது 18 டெசிபெல் குறைவாக நிற்கும். சிறிதளவு வளியைக் கடுவேகத்தில் எறிவதிலும் பெருமளவு வளியை மெல்ல எறிவதே அமைதிக்கு வழி.

எஞ்சின்களின் பிற்காலச் சரித்திரம் இவ்வழியிலேயே சென்றது. உட்புகும் வளியில் ஒரு பகுதியை எரியறைக்குட் செலுத்தாது புறத்தே ஓடவிடும் எஞ்சின் தோன்றியது. முதலில் சேவைக்கு வந்த றோல்ஸ் றோய்ஸ் கொன்வே எஞ்சினில் புறத்தே ஓடிய வளி உள்ளே சென்றதில் மூன்றிலொரு பங்களவே. 1970ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் போயிங் 747 சேவைக்கு வந்தபோது அதன் எஞ்சினில் அது ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. 2016இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் 320இன் புதிய வகையில், பற்சக்கரத்தால் விசிறியை மெல்லச் சுழற்றும் எஞ்சினில், அது பன்னிரண்டு மடங்காகும். எஞ்சின் செய்வோர் இவ்வமைதியைத் தம் கருணையின் பயனாக விளம்பரஞ் செய்வதுண்டு. அதில் பாதியே நியாயம். மெல்ல எறியப்படும் பெருவளி எரிபொருளையும் மிச்சப்படுத்துகின்றது. எரிபொருட் செலவைக் குறைக்கும் நோக்கமே முன்னின்றது, அமைதி அதன் பின்னே வந்தது. இரண்டும் ஒரே திசையில் இருந்தது அயலவரின் அதிர்ஷ்டம்.

அவ்வதிர்ஷ்டம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குக் கொன்கோர்ட் விமானம் சாட்சி. ஒலியை விஞ்சிப் பறக்க வேண்டியதால் அதன் எஞ்சின் ஒடுங்கியதாயும் தாரை கடுவேகமுடையதாயும் இருக்கவேண்டியதாயிற்று. 1976இல் அது சேவைக்கு வந்தபோது, அன்று போயிங் 707க்கு எல்லை விதித்த அதே நியூயோர்க் அதிகார சபை அதனைத் தடுத்தது. வழக்கு நீதிமன்றங்களில் நெடிது நடந்து, 1977 நவம்பரிலேதான் அங்கே அதன் ஒழுங்கான சேவை தொடங்கியது. 2003இல் அவ்விமானம் ஓய்வு பெறும்வரை அதன் இரைச்சலைக் குறைக்கத் தக்க வழி கிடைக்கவில்லை.

எட்டாம் அடுக்கு விதி திசைகாட்டி போன்றது. வழியின் ஒவ்வொரு வளைவையும் அது சொல்லாது. வாயிலின் விளிம்பைப் பூவிதழ் போல் மடித்தால் என்ன ஆகும்? வாளின் பல் போல வெட்டினால் என்ன ஆகும்? எந்த மீடிறனில் ஒலி குறையும், எதில் கூடும்? 1950களில் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிரேற்றெக்ஸ் என்பவர் நெளிவிளிம்பு வாயில்களைச் செய்து செய்து, ஓடவிட்டு ஓடவிட்டு அளந்தே பயனைக் கண்டார். ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் உலோக வாயில் வேண்டும். ஓர் எஞ்சின் வேண்டும். காற்றடங்கிய ஒரு நாளும் வேண்டும். நேவியரும் ஸ்ரோக்சும் சமன்பாடுகளைத் தந்துவிட்டனர்; கணிக்கும் பொறியும் கையில் உண்டு. பொறியிலேயே தாரையை ஓடவிட்டு அதன் ஓசையைக் கேட்டுவிடக் கூடாதா? கணனியிலே பாவனை செய்து பார்த்தல் என்பதன் உட்பொருள் இதுவே.

கணனி தாரையை ஒரு முழுப்பொருளாக அறியமாட்டாது. தாரை பாயும் வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கம், அடர்த்தி, வேகம், வெப்பநிலை ஆகியவற்றை எண்ணாகப் பதிந்து, அடுத்த கணத்தில் அவ்வெண்கள் யாவாகும் என்று சமன்பாட்டைக் கொண்டு கூட்டிப் பெருக்கிக் காண்கின்றது. பின்னர் அதற்கடுத்த கணம். இவ்வாறு இலட்சக்கணக்கான கணங்கள். முறை எளிது, தொகைதான் பயங்கரம்.

முதலாவது இடர் கொந்தளிப்பின் இயல்பிலிருந்து வருகின்றது. பெரிய சுழி உடைந்து சிறு சுழியாகும். அது இன்னுஞ் சிறிதாகும். ஈற்றிலே மயிரிழையினும் நுண்ணிய சுழிகள் வளியின் பாகுத்தன்மையால் வெப்பமாகி அழியும். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளியை றெனோல்ட்ஸ் எண் என்னும் ஓரெண் ஆளுகின்றது. ஒஸ்போன் றெனோல்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாயிலே சாயநீரை ஓடவிட்டு இதனைக் கண்டார். அவரும் மன்செஸ்ரரில் பேராசிரியராயிருந்தவரே. இவ்வெண் பத்து மடங்கானால் வேண்டிய கட்டங்களின் தொகை ஏறக்குறைய நூற்றெண்பது மடங்காகும். கணங்களின் தொகையையும் சேர்த்தால் வேலை ஆயிரம் மடங்காகும். விமான எஞ்சினின் தாரைக்கு இவ்வெண் ஏறத்தாழ ஒரு கோடி என்ற வரிசையிலே உள்ளது. எதனையும் விடாது, மிகச் சிறிய சுழிவரை யாவற்றையும் கணித்து ஒலியை ஆராய்ந்த ஜொனதன் ஃபிரொயிண்ட் என்பாரின் கட்டுரை 2001இல் வெளியாயிற்று. அவர் கணித்த தாரையின் வேகம் ஒலிவேகத்தின் பத்தில் ஒன்பது பங்கு. உண்மையான விமானத் தாரைக்கு ஒப்பானதே. ஆனால் அதன் றெனோல்ட்ஸ் எண் 3,600 மாத்திரமே. அங்கிருந்து ஒரு கோடிவரை செல்ல வேண்டிய தூரத்தைப் பெருக்கிப் பார்ப்போர், கணனி வேகம் கூடக் கூட எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சொல்லத் துணியார்.

இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. ஒலி என்பது அமுக்கத்தின் சிறு நடுக்கம். செவியை நோகச் செய்யும் 120 டெசிபெல் ஓசையிலே கூட அந்நடுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். 80 டெசிபெல் ஓசையில் அது ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. இறக்கையின் மேலுள்ள வளியோட்டத்தைக் கணிக்கும் பொறியியலாளருக்கு நூற்றில் ஒரு பங்குப் பிழை பெரிதன்று. ஒலியைக் கணிப்பவருக்கோ அப்பிழை தாம் தேடும் பொருளைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. சந்தையின் ஆரவாரத்தின் நடுவே கைக்கடிகாரத்தின் ஓசையைக் கேட்க முயல்வதை ஒக்கும் இது. அதிலும் அவ்வாரவாரத்தின் ஒரு பகுதி கேட்பவரின் காதுக்குள்ளேயே எழுகின்றது.

மேலும் ஒலி அலை நெடுந்தூரம் செல்லும். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எண்களைக் கடத்தும் முறை செப்பமற்றதாயின் அலை தானே தேய்ந்துவிடும். ஓர் அலைநீளத்துக்கு நூற்றில் ஒரு பங்கு வீச்சம் தேய்வதாகக் கொண்டால், நூறு அலைநீளங்கள் சென்றபின் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று அதிகமே எஞ்சும். வெவ்வேறு மீடிறனுடைய அலைகள் கணிப்பிலே வெவ்வேறு வேகத்தில் ஓடி ஒலியின் உருவமே சிதைதலும் உண்டு. உண்மையான வளியில் இத்தேய்வும் சிதைவும் அவ்வளவாக இல்லை. இவை கணக்கின் குற்றங்கள். 1992இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சஞ்சீவ லேலேயும், 1993இல் புளோரிடாவிலே கிறிஸ்ரோபர் ராமும் அவருடன் வெப்பும் வெளியிட்ட முறைகள் இக்குற்றங்களைப் பெரிதும் களைந்தன. எண்களைக் கழித்துச் சரிவு காணும் விதியைச் சற்றுத் திருத்தியமைப்பதே அவர்கள் செய்த வேலை. பார்வைக்குச் சிறியது. ஆனால் பொறியை நூறு மடங்கு பெரிதாக்கியும் கிடையாத பலன் இத்தகைய திருத்தத்தாற் கிடைப்பதுண்டு. கணனியின் பெருமையைப் பேசுவோர் பொறியின் பருமனையே பேசுவர். தாளிலே பென்சிலாற் செய்யப்பட்ட இவ்வேலையைப் பேசுவோர் சிலரே.

மூன்றாவது இடர் ஓரத்திலே உள்ளது. கணனியின் வெளிக்கு எல்லை உண்டு, வானத்துக்கு இல்லை. ஒலி அலை கணக்கின் ஓரத்தை அடைந்ததும் சுவரில் மோதினாற்போல எதிரொலித்துத் திரும்பி வந்து யாவற்றையும் கெடுத்துவிடும். ஆதலால் அலையை விழுங்கி மறைக்கும் ஓரங்களை அமைக்க வேண்டும். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறைச் சுவர்களில் ஓசை உறிஞ்சும் பலகைகளைப் பதிப்பதை நேயர்கள் அறிவர். அவ்வேலையைக் கணக்கிலே செய்வதாகக் கொள்ளலாம்.

இவ்விடர்களுக்கிடையே இருவகைச் சமரசம் செய்துகொள்ளப்பட்டது. பெரிய சுழிகளை மாத்திரம் கணித்து, கட்டங்களுக்குள் அகப்படாத நுண்சுழிகளின் செயலை மதிப்பீட்டாற் சேர்த்துக்கொள்வது ஒன்று. வானிலையைக் கணிப்பதற்காக ஸ்மகொறின்ஸ்கி 1963இல் கையாண்ட உபாயம் இது. ஜெட் தாரைக்கும் பயன்பட்டது. ஒலியைக் கேட்பவர் நிற்கும் இடம்வரை கட்டங்களை நிரப்பாதிருப்பது மற்றொன்று. தாரையைச் சூழ ஒரு கற்பனை உறையை வரைந்து, அவ்வுறையில் அமுக்கமும் வேகமும் நடுங்கும் விதத்தை மாத்திரம் பதிந்துகொண்டால், அப்பாலுள்ள எந்த இடத்திலும் கேட்கும் ஓசையைச் சூத்திரத்தாற் பெறலாம். ஃபௌக்ஸ் வில்லியம்ஸ், ஹோக்கிங்ஸ் ஆகிய இருவர் 1969இல் வெளியிட்ட சமன்பாடு இதற்கு ஆதாரம். அச்சமன்பாடும் லைற்ஹில் நட்ட மரத்தின் கிளையே.

இவ்வாறு சுருக்கியும் வேலை பெரிதாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக் கொந்தளிப்பு ஆராய்ச்சி நிலையத்தினர், ஒலியை விஞ்சிப் பாயும் ஜெட் தாரையின் இரைச்சலைப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பு அலகுகளை ஒருங்கே இயக்கிக் கணித்ததாக அறிவித்தார்கள். கலிபோர்னியாவின் லோறன்ஸ் லிவமோர் ஆய்வுகூடத்திலிருந்த செக்கோயா என்னும் கணனியிலே அது நடந்தது. அக்கணனியில் மொத்தம் 1,572,864 அலகுகள் இருந்தன. பத்து இலட்சம் பேர் ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்வதாக எண்ணிப் பார்த்தால் அதன் இடையூறு தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியிலும் அயலவரிடம் விடையைக் கேட்டே மேற்செல்ல வேண்டும். ஒருவர் தாமதித்தால் யாவரும் காத்திருக்க வேண்டும். கணிப்பதிலும் பார்க்கக் காத்திருப்பதிலே காலம் கழியாதவாறு ஒழுங்கு செய்வதே அங்கு பெருவேலை. போர் விமானங்களின் தாரைக்கு அருகே கடமை புரிவோரின் செவி பழுதடைவதை நோக்கினால் இது வெறும் வித்தைக் காட்சி அன்று என்பது புலனாகும். வெந்த தாரையின் நடுவே அளவுகருவியை நுழைத்தால் கருவி நிலைக்காது. கணக்கோ எங்கும் நுழையும்.

நுழைந்த கணக்கு மெய்யைச் சொல்கின்றதா என்பதே அடுத்த கேள்வி. தொடக்ககாலக் கணிப்புகள் பலவற்றில் ஓசை உண்மையிலும் மிகையாக வந்தது. காரணம் தாரையிலன்று, வாயிலுக்குள்ளே இருந்தது. வாயிலின் உட்சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய வளிப்படலம் உண்மை எஞ்சினிலே ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டு வெளிவருகின்றது. கணக்கிலே அதனை அமைதியான படலமாகக் கொண்டுவிட்டால், அது வெளியே வந்ததும் ஒழுங்கான வளையங்களாகச் சுருண்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து, இயற்கையில் இல்லாத ஓசையை எழுப்பும். உள்ளங்கைத் தடிப்புமில்லாத ஒரு படலத்தை அலட்சியம் செய்ததன் பயன் இது. 2018இல் வெளியான ஓராய்வில் அப்படலத்தின் நிலையைச் செவ்வனே கணித்துச் சேர்த்தபோது, பிரான்சின் புவாத்தியே நகரத்து ஆய்வுகூடத்தில் அளந்த ஓசைக்கும் கணித்த ஓசைக்கும் இடையே பெரும்பாலான திசைகளிலும் மீடிறன்களிலும் ஒரு டெசிபெலுக்கு உட்பட்ட வேறுபாடே காணப்பட்டது. அங்கு கணிக்கப்பட்டது தனித் தாரை. இறக்கையும் இல்லை, விசிறியும் இல்லை.

வாளின் பல்லைப் போல் வெட்டப்பட்ட வாயில்களை 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இலே காணலாம். அப்பற்கள் தாரையையும் புறவளியையும் விரைவிற் கலக்கச் செய்து ஆழ்ந்த உறுமலைக் குறைக்கின்றன. ஆனால் கீச்சென்ற நுண்ணொலியைச் சற்றுக் கூட்டுகின்றன. பல்லை ஆழமாக வெட்டினால் உந்துவிசையில் நட்டம். எவ்வளவு ஆழம், எவ்வளவு வளைவு என்பதை ஆராயும்போது ஆய்வுகூடத்து அளவையும் கணனியும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

தாரை தணிந்ததும் முன்பு மறைந்திருந்த ஓசைகள் வெளிவந்தன. விசிறியின் அலகுகள் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஓரிடத்தைக் கடக்கின்றனவோ அம்மீடிறனில் ஒரு சுரம் எழும். இருபத்துநான்கு அலகுகளையுடைய விசிறி விநாடிக்கு ஐம்பது முறை சுழன்றால் 1,200 என்ற மீடிறனில் அது ஊதும். பிராற் அன்ட் விற்னி நிறுவனத்து ரைலர், சொஃப்றின் ஆகியோர் 1962இலேயே இதற்கு ஓர் அழகான பரிகாரத்தைக் காட்டினார்கள். விசிறிக்குப் பின்னே நிலைத்து நிற்கும் அலகுகளின் தொகையைத் தக்கவாறு தேர்ந்தால், எழும் அலை குழாய்க்குள்ளேயே பரவ மாட்டாது தேய்ந்துவிடும். வேறு செலவேதும் இல்லை. எண்ணைத் தேர்வது ஒன்றே. தரையிறங்கும்போதோ சக்கரத் தொகுதியும் இறக்கையின் மடிப்புகளும் காற்றைக் கிழிக்கும் ஓசை எஞ்சினோடு போட்டியிடுகின்றது.

இவ்வோசைகள் யாவற்றையும் ஒன்றுகூட்டிச் சொல்லும் கணிப்புத் திட்டத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1970களில் ஆரம்பித்தது. ஒவ்வொரு சுழியையும் அது பின்தொடர்வதில்லை. அளவைகளிலிருந்து பெற்ற விதிகளைக் கொண்டு, விசிறிக்கு இவ்வளவு, தாரைக்கு இவ்வளவு, சக்கரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, விமானம் செல்லும் பாதையின் கீழ் நிற்பவருக்கு விநாடிக்கு விநாடி என்ன கேட்கும் என்று கூறுகின்றது. பழைய வகை எஞ்சினுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். புதியதோர் அமைப்புக்குப் பொருந்துமென்ற உறுதியில்லை, அதற்கு அளவைகள் இன்னும் இல்லாமையால். அங்கேதான் மேற்கூறிய பெருங்கணிப்புகளின் தேவை.

இத்துறையிலே பிற்காலத்தில் நடந்த ஒன்று வானொலி கேட்போருக்கு விசேஷமாகச் சுவைக்கும். கணித்த ஓசையை எண்ணாக விட்டுவிடாது உண்மையான ஓசையாகவே மாற்றி, மக்களை ஓர் அறையில் அமர்த்தி ஒலிபெருக்கிகளின் வழியே கேட்கச் செய்கிறார்கள். நாசாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்திலே அத்தகைய அறை உண்டு. இன்னும் கட்டப்படாத விமானம் தலைக்கு மேலாக வந்து போகின்றது. கேட்போர் தமக்கு எவ்வளவு எரிச்சல் உண்டாயிற்று என்று குறிக்கிறார்கள். கிறைற்றர் அன்று பறந்த விமானங்களைக் கொண்டு செய்ததை இன்று பறவாத விமானங்களைக் கொண்டு செய்கிறார்கள். டெசிபெல் குறைந்தும் எரிச்சல் குறையாத ஓசைகள் உண்டு. இரைச்சலைக் கணிப்பவர் இறுதியில் மனிதரின் செவியண்டையே வந்து நிற்க வேண்டியிருக்கின்றது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இலண்டன் ஹீத்றோ விமான நிலையத்தின் அயலில் வாழ்ந்தோரை 1961இல் விசாரித்தறிந்து, சேர் அலன் வில்சன் தலைமையிலான குழு 1963இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒவ்வொரு விமானத்தின் இரைச்சலோடு விமானங்களின் தொகையையும் சேர்த்து அயலவரின் தொல்லையை அளக்க அவ்வாராய்ச்சியிலிருந்து ஒரு சுட்டெண் பிறந்தது. அதன்படி விமானங்களின் தொகை நான்கு மடங்கானால், ஒவ்வொன்றும் 9 டெசிபெல் தணிந்தாலே தொல்லை முன்போல நிற்கும். பிரித்தானியா 1990இல் வேறோர் அளவைக்கு மாறியது. அதன்படி 6 டெசிபெல் போதும். எந்த அளவையைக் கொண்டாலும், எஞ்சின் செய்வோர் பத்தாண்டுகள் முயன்று பெற்ற தணிவை விமானங்களின் பெருக்கம் சந்தடியின்றி விழுங்கிவிடக்கூடும். ஒரு விமானத்தின் ஓசையைக் கணிக்கும் கணனிக்கு இரவிலே எத்தனை விமானங்களை இறங்கவிடுவது என்ற கேள்வி கொடுக்கப்படுவதில்லை. அது சபைகளும் மந்திரிமாரும் விடை கூற வேண்டிய கேள்வி.

இத்துணை கணித்த பின்னரும், புதிய வகை விமானமொன்று இரைச்சற் சான்றிதழ் பெறுவதற்கு உண்மையாகவே பறந்து காட்டுதல் வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1971இல் வகுத்த விதிகளின் வழிவந்த முறை அது. விமானம் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து 6,500 மீற்றர் தூரத்தில் ஓர் ஒலிவாங்கி. ஓடுபாதைக்குப் பக்கத்தே 450 மீற்றர் தள்ளி வரிசையாகச் சில. இறங்கும் வழியிலே ஓடுபாதையின் தலைப்புக்கு 2,000 மீற்றர் முன்னே ஒன்று. காற்றின் வேகமும் ஈரப்பதனும் விதித்த எல்லைக்குள் அமையும்வரை காத்திருந்து, 50 முதல் 10,000 வரையுள்ள மீடிறன்களை இருபத்துநான்கு பகுதிகளாக அளந்து, விமானத்தை மறுபடியும் மறுபடியும் பறக்கவிட்டுச் சராசரி காண்கிறார்கள். கணனி பல மாதங்களுக்கு முன் சொன்ன எண்ணும் அன்று பதிவான எண்ணும் அதன் பின்னரே அருகருகே எழுதப்படுகின்றன.